ஒம்பதேகாலுக்கு அவர் கேட்ட பல்லு

எங்க வீட்டுப் பீடத்துல இருந்த சுரூபத்த நான் மூணு வருஷமா தூக்கித் தொடைக்கல. சுத்தித் தொடைப்பேன். பூ மாத்துவேன், மெழுகு சொட்டுனதச் சொரண்டுவேன், மூஞ்சில படிஞ்ச தூசிய ஊதி விடுவேன். தூக்க மட்டும் மாட்டேன். அந்தச் சுரூபத்தோட அடிப்பாகம் உள்ளுக்குக் கூடா இருக்கும். அந்தக் கூட்டுக்குள்ள, மூஞ்சி தொடைக்கிற ஒரு லேஞ்சியில சுத்தி, செத்துப்போன எங்க வீட்டுக்காரரோட கட்டுப்பல்லு இருந்துச்சு. வச்சது நான். அது ஒருத்தருக்கும் தெரியாது.

யாரோட சுரூபம்னு கேட்டீங்கன்னா இன்னும் சிரிப்பீங்க. காணாமப் போனதத் தேடிக் குடுக்குற புனிதர். கோடி அற்புதர்னு சொல்லுவோம். மாத்தளையில எங்க சனங்க வீட்டுல ஒரு சாவி தொலஞ்சாலும் சரி, ஆட்டுக்குட்டி தொலஞ்சாலும் சரி, மொதல்ல அவர்கிட்டத்தான் போவாங்க, பிறகுதான் போலீசுக்கு. அவரோட காலடியிலயே சாமான ஒளிச்சு வச்சுட்டு, அது தொலஞ்சு போச்சுன்னு அவர்கிட்டயே வேண்டிக்கிட்டிருந்த பாவி நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

எங்க வீட்டுக்காரர் லக்கல ரோட்டுல பஸ் ஓட்டுனவர். ஒரு தடவ மோட்டார் சைக்கிள்ல வந்துக்கிட்டிருக்கும்போது வளைவுல யானை நின்னுச்சு. பயந்து ப்ரேக் அடிச்சு, ரோட்டோரத் தண்ணிக் காணுக்குள்ள விழுந்து, கல்லுல வாய் அடிபட்டு மேல்வரிசையில முன்பல்லு நாலும் போயிருச்சு. யானை அவரத் தொடக்கூட இல்ல. நின்னு பாத்துட்டு அது பாட்டுக்குக் காட்டுக்குள்ள போயிருச்சாம். ஆனா கேக்குற ஆளுக்கெல்லாம் யானை தும்பிக்கையால தட்டுன கதையத்தான் சொல்லுவார். நானும் விட்டுட்டேன், ஆம்பளைக்கு ஒரு வீரக்கதை இருந்துட்டுப் போகட்டும்னு.

அதுக்குப் பிறகுதான் கட்டுப்பல்லு. ரோஸ் கலர் தட்டுல நாலு பல்லு. அது இல்லாம மனுசன் வாசப்படி தாண்ட மாட்டார். பால்காரர் வந்தாக்கூட வாயப் பொத்திக்கிட்டு ஜாடையிலதான் பேசுவார். அவ்வளவு ரோசம். வருஷம் போகப் போக தட்டு லூசாச்சு. நாக்கால தட்டக் கீழ தள்ளி, திரும்ப மேல உறிஞ்சுவார். டக். யோசிச்சா டக். கோவம் வந்தா டக். பூசையில ஃபாதர் பிரசங்கத்த இழுத்தா டக் டக். எனக்குப் பத்திக்கிட்டு வரும். எத்தனையோ தடவ சொல்லிட்டேன், அந்தச் சனியன மாத்திக் கட்டுங்கன்னு. மாத்தல.

பென்ஷன் எடுத்த பிறகு அவருக்கு ஞாயித்துக்கெழம ஒரு பழக்கம். வில்கமுவயில பழைய கண்டக்டர் ஒருத்தர் வயல் வச்சிருந்தார். காலப் பூச முடிஞ்ச கையோட, ஒம்பதரை பஸ் ஏறி அங்க போயிருவார். குளத்து மீனு, கசிப்புச் சாராயம், பழைய கத. சாயந்தரம் வரும்போது கண்ணு ரெண்டும் செவந்திருக்கும். ப்ரெஷர், சீனி வருத்தம் ரெண்டும் இருக்கு, இனிமே ஒரு சொட்டும் தொடக்கூடாதுன்னு க்ளினிக்ல டாக்டர் என் முன்னாடி வச்சுத்தான் சொன்னார். தலைய ஆட்டிட்டு வந்தார். அடுத்த ஞாயிறே திரும்பவும் பஸ் ஏறிட்டார்.

அதுக்கடுத்த ஞாயிறு நான் தடுத்துப் பாக்கணும்னு முடிவெடுத்தேன். எனக்குக் கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது, எங்கம்மா காலத்துலேர்ந்து எல்லாரும் சொன்னதுதான். ஒம்பதரை பஸ்ஸ விட்டா பிறகு மத்தியானம் ஒண்ணுதான், அதுல போனா அன்னைக்கே திரும்பி வர பஸ் கெடையாது. ஆக, ஒம்பதரை பஸ் போற வரைக்கும் மனுசன வீட்டுல நிப்பாட்டுனாப் போதும். சப்பாத்த ஒளிச்சா செருப்பப் போட்டுக்கிட்டுப் போவார். பல்ல ஒளிச்சா எங்கயும் போக மாட்டார். அவர் மூஞ்சி கழுவப் போகும்போது நீலக் கோப்பையில கழட்டிப் போட்ட பல்ல எடுத்து, கொடியில கெடந்த அவரோட லேஞ்சியில சுத்தி, சுரூபத்துக்கு அடியில தள்ளிட்டேன். புனிதரத் தூக்கிப் பாக்குற தைரியம் அவருக்கு வராதுன்னு எனக்குத் தெரியும்.

தேடுனார். கோப்பைய ரெண்டு தடவ கவுத்துப் பாத்தார். பிறகு குசினி வாசல்ல வந்து நின்னார். நான் தேங்கா துருவிக்கிட்டிருந்தேன். சொவத்துக் கடியாரத்துல ஒம்பதேகால்.

“புள்ள, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது. பல்லக் குடு, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துர்றேன்.”

நான் தலையக்கூட நிமித்தல.

“பொய் சொல்ற வாய்க்குப் பல்லு ஒரு கேடா? பஸ் போகட்டும், தாரேன்.”

அவர் போயி முன் ரூம்ல கதிரையில உக்காந்த சத்தம் கேட்டுச்சு. நான் அந்தத் தேங்காப் பாதியத் துருவி முடிச்சு, அடுத்த பாதியையும் எடுத்துத் துருவுனேன். ஒரு பாதிதான் சமையலுக்கு வேணும். ரெண்டாவதத் துருவுனது கோவத்துக்கு. சந்தியில பஸ் ஹோர்ன் அடிச்சிட்டுப் போச்சு. கையக் கழுவிட்டு, சரி, தொலஞ்சு போகட்டும் குடுப்போம்னு பீடத்துப் பக்கம் போனேன். போற வழியிலதான் அவரப் பாத்தேன். சட்டையெல்லாம் நனஞ்சு ஒட்டிக்கெடந்துச்சு. மூஞ்சி சாம்பல் நெறத்துல இருந்துச்சு. பல்ல அப்படியே விட்டுட்டு த்ரீவீல் கூப்பிட ரோட்டுக்கு ஓடுனேன்.

ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டார், எப்ப இருந்து வலின்னு. பக்கத்துல என் நாத்தனா, அவரோட தங்கச்சி, மூச்சிரைக்க வந்து நின்னுக்கிட்டிருந்தா. இப்பத்தான் டாக்டர், இப்பத்தான்னு சொன்னேன். மத்தியானப் பூசைக்கு மணி அடிக்குறதுக்கு முன்னாடி அவர் போயிட்டார்.

சவத்துக்கு அலங்காரம் செய்யுற மலர்ச்சாலைக்காரர் வீட்டுக்கு வந்து மொதல்ல கேட்ட கேள்வி, ஐயாவுக்குக் கட்டுப்பல்லு இருந்துச்சான்னுதான். உடம்பு வெறைக்கிறதுக்கு முன்னாடி குடுத்துடணும், பிறகு வாய் திறக்காது, உதடு உள்ளுக்குப் போயிரும்னார். நான் பீடத்தப் பாத்தேன். அதுக்கு முன்னாடி நாத்தனா முழங்கால்ல நின்னு, தலைய பீடத்துல முட்டி முட்டி அழுதுக்கிட்டிருந்தா. சுத்தி எட்டுப் பத்துப் பேரு. அத்தனை பேருக்கு முன்னாடி அந்தச் சுரூபத்தத் தூக்கி, அடியில கைய விட்டு, இந்தாங்க பல்லுன்னு எப்படிக் குடுப்பேன்? ஏன் அங்க வச்சேன்னு கேட்டா என்ன சொல்லுவேன்? வாயில வந்தது ஒண்ணுதான். ஆஸ்பத்திரியில தொலஞ்சு போச்சுன்னுட்டேன்.

மலர்ச்சாலைக்காரர் பஞ்ச உருட்டி வாய்க்குள்ள வச்சு ஏதோ செஞ்சார். அந்த மூஞ்சி அவர் மூஞ்சியே இல்ல. வேற யாரோ ஒரு கெழவரு, அவரோட கோட்டப் போட்டுக்கிட்டுப் படுத்திருந்த மாதிரி இருந்துச்சு. இத்தாலியில இருக்குற என் மக வரமுடியாம, ஃபோன்ல பாத்துக்கிட்டிருந்தவ, அம்மா இது அப்பா மாதிரியே இல்லையேன்னு அழுதா. நான் ஃபோன வேற பக்கம் திருப்பிட்டேன்.

அதோட முடிஞ்சிருந்தாப் பரவாயில்ல. அடக்கம் முடிஞ்ச மறுநாள் நாத்தனா நேரா ஆஸ்பத்திரி வார்டுக்குப் போயிட்டா. அன்னைக்கி எங்களுக்கு ட்ரொலி தள்ளுன அட்டண்டன் பொம்பளையக் கண்டுபிடிச்சு, எங்க அண்ணன் பல்லு எங்கன்னு சிங்களத்துல சண்ட. அந்தப் பொம்பள, பல்லே பாக்கலன்னு புள்ளைகள் மேல சத்தியம் பண்ணியிருக்கா. இவ கைய நீட்டிட்டா. நர்ஸ் மிஸ்ஸிமார் வந்துதான் விலக்கியிருக்காங்க. வீட்டுக்கு வந்து இவ எனக்கு அத வெற்றிக் கத மாதிரி சொல்றா, நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருக்கேன்.

அதுக்குப் பிறகுதான் வேண்டுதல். பல்லு கெடைக்கணும், கெடச்சா அண்ணன் குழியில கொண்டுபோய் வைக்கணும், அதுக்குப் பதிமூணு செவ்வாய்க்கெழம நவநாள். எங்க? எங்க வீட்டுலதான். அந்தச் சுரூபத்துக்கு முன்னாடிதான். ஜெபம் சொல்லிக் குடுக்குறது யாரு? நான்தான். எட்டாம் நாள் வரைக்கும் வீட்டுல சனம். பிறகு எடுப்போம்னு இருந்தேன், நவநாள் தொடங்கிருச்சு. பதிமூணு முடிஞ்சதும் இவ இன்னொரு பதிமூணு ஆரம்பிச்சா. இன்னைக்கி எடுப்போம், நாளைக்கி எடுப்போம்னு மூணு வருஷம் ஓடிருச்சு. பாவசங்கீர்த்தனத்துல பொய் சொன்னேன் ஃபாதர்னு மட்டும் சொல்லுவேன். என்ன பொய்யின்னு அவரும் கேக்க மாட்டார். மூணு அருள்நிறை ஜெபம் சொல்லச் சொல்லுவார், சொல்லிட்டு வந்துருவேன்.

சொல்லியிருக்கலாமேன்னு தோணும். எனக்கும் தோணாமலா? ஆனா இந்த ஊர்ல எனக்குன்னு இருக்குறது நாத்தனா ஒருத்திதான். கல்யாணம் கட்டிக்கல, ரெண்டு சந்து தள்ளி இருந்து துணி தைக்குறா. எனக்குக் காய்ச்சல்னா கஞ்சியோட நிக்குறது அவதான். அண்ணன்தான் அவளுக்கு அப்பா மாதிரி. பல்ல ஒளிச்சதச் சொன்னா, ஒம்பதேகாலையும் சொல்லணும். அதச் சொன்னா அவ என் மூஞ்சில முழிப்பாளா? ஒம்பதேகால்லேர்ந்து பஸ் போற வரைக்கும் இருந்த நேரம் அவரக் காப்பாத்தியிருக்குமான்னு நான் எந்த டாக்டர்கிட்டயும் கேட்டதில்ல. கேக்கப் பயம்.

சத்தம் எப்ப ஆரம்பிச்சதுன்னு சரியாச் சொல்ல ஏலாது. முப்பதாம் நாள் பூச முடிஞ்ச பிறகுதான்னு நெனக்கிறேன். பகல்ல, வெயில் ஏறுற நேரம், குசினியில நிக்கும்போது முன் ரூம்லேர்ந்து டக். கூரைத் தகரம் சூட்டுல விரியுற சத்தம்னு எனக்குத் தெரியும். அந்த வீட்டுல முப்பது வருஷம் இருக்கேன், தகரம் பேசுறது தெரியாதா? ஆனாலும் கை நின்னுரும். திரும்பிக் கடியாரத்தப் பாப்பேன். பாதி நாள் ஒம்பதேகால்தான் இருக்கும். அந்த நேரத்துக்குத்தான் எங்க வீட்டுக் கூரையில வெயில் ஏறும்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். தேங்காத் துருவுறத விட்டுட்டேன். பாக்கெட்டுல வர்ற தேங்காப்பால் மாவக் கரைச்சுக்குறேன்.

நான் டவுனுக்கு வெளிய ஒரு ஸ்பைஸ் கார்டன்ல சாமான் விக்குற இடத்துல நிக்கிறவ. வெள்ளக்காரங்க வந்தா கறுவா, கராம்பு, சாதிக்கான்னு எடுத்து மணக்கக் காட்டி, எதுக்கு எது நல்லதுன்னு இங்கிலீசுல சொல்லணும். வாய்தான் எனக்குச் சோறு போடுது. போன வருஷத்துக்குள்ள கீழ்வரிசையில கடவாப்பல்லு ரெண்டு பக்கமும் போயி, முன்னால ஆறு பல்லு மட்டும்தான் மிச்சம். பல்லு வலிக்குக் கராம்பு எண்ண நல்லதுன்னு நாலு பேருக்கு வித்தவ நான். எனக்கு அது ஒண்ணும் செய்யல.

சாதாரணக் கட்டுப்பல்லுதான் மொதல்ல கட்டுனேன். முன்பல்லுல கொக்கி போட்டு, பின்னால ஈறு மேல உக்காருற தட்டு. ஒரு வாய் சோத்த மென்னா பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கும். பேசும்போது ஆடும். ஒரு நாள் ஒரு வெள்ளக்காரம்மாவுக்கு மிளகப் பத்தி விளக்கிக்கிட்டிருக்கும்போதே தட்டு எழும்பி, என்னையறியாம நாக்கால அமுக்கிட்டேன். அவர் செஞ்ச மாதிரியே. சத்தம் வரல, ஆனா எனக்கு வேர்த்துப் போச்சு. அந்தம்மா நான் மயங்கப் போறேன்னு நெனச்சு தண்ணி குடுத்துச்சு.

மகதான் விடாம நின்னா, நல்ல டாக்டராப் பாருங்கம்மான்னு. டவுன்ல ஒரு பல் டாக்டர், சின்ன வயசுப் பொம்பளப்புள்ள, பொறுமையாச் சொல்லுச்சு. பின்னால பிடிமானம் இல்லாததுதான் ஆட்டத்துக்குக் காரணம். ஈறு மெத்து மெத்துன்னு இருக்கும், அதுமேல தட்டு எப்படி நிக்கும்? ரெண்டு பக்கமும் பின்னால தாடை எலும்புல ஒவ்வொரு ஸ்க்ரூ வச்சா, தட்டு அதுமேல உக்காந்துரும். பல்லுக்குப் பல்லு ஸ்க்ரூ தேவையில்ல, ரெண்டே போதும். தட்டக் கழட்டிக் கழுவலாம், ஸ்க்ரூ மட்டும் உள்ளயே இருக்கும். சட்டைக்குத் தைக்குற ப்ரெஸ் பட்டன் மாதிரின்னு, கூட வந்த நாத்தனாவுக்கு அது சொன்னதும் அவளுக்கு உடனே புரிஞ்சிருச்சு.

நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். நான் செத்த பிறகு அந்த ஸ்க்ரூவ என்ன செய்வாங்கன்னு. அந்தப் புள்ள சிரிச்சிட்டு, எலும்போட ஒட்டிரும் அம்மா, நீங்களே வேணாம்னாலும் லேசுல எடுக்க ஏலாதுன்னுச்சு. நாத்தனா என்னைய முறைச்சா, நல்ல நாளும் அதுவுமா சாவப் பேசுறீங்களேன்னு. எனக்கு அவர் நெனப்புதான். இருந்த பல்லும் இல்லாம அவரக் குழியில எறக்குனேன், நான் ஸ்க்ரூவோட எறங்கப் போறேன்.

ஊசி போட்டு மரக்க வச்சுத்தான் செஞ்சாங்க. வலி இல்ல. ஆனா எலும்பத் தொளைக்கிற சத்தம் காது வழியா வரல, மண்டைக்குள்ளேர்ந்தே வந்துச்சு. கண்ண மூடிக்கிட்டு அருள்நிறை சொல்லிக்கிட்டே கெடந்தேன். பிறகு எலும்பு பிடிக்குறதுக்கு நாலு மாசம் காத்திருக்கணும். நாலு மாசமும் நாத்தனா செவ்வாய் தவறாம வந்தா. எனக்காகவும் சேத்து ஒரு ஜெபம் சொன்னா. அவ எனக்காக வேண்டும்போதெல்லாம் எனக்குச் சுரூபத்தோட காலத்தான் பாக்க முடிஞ்சுது, மூஞ்சியப் பாக்க முடியல.

நாலு மாசம் கழிச்சு டாக்டர் ஸ்க்ரூ மேல மூடி பூட்டி, தட்டுக்குள்ள அதுக்கேத்த வளையம் வச்சுச்சு. வாயத் தொறங்கம்மான்னு தட்ட வச்சு, ரெண்டு பெருவிரலால அமுக்குச்சு. வலப்பக்கம் டக். இடப்பக்கம் டக்.

அவரோட அதே சத்தம். என் வாய்க்குள்ள.

நான் கதிரையோட கையப் பிடிச்சுக்கிட்டேன். நல்லா உக்காந்திருக்கு, ஆட்டிப் பாருங்கன்னு டாக்டர் சந்தோஷமாச் சொல்லுது. ஆடல. கல்லு மாதிரி நின்னுச்சு. எனக்குப் பிரமைன்னே நெனச்சிருப்பேன், நாத்தனாவத் திரும்பிப் பாக்காம இருந்திருந்தா. அவ சொவத்தோரம் பெஞ்சில உக்காந்து, முந்தானைய வாயில வச்சு அழுதுக்கிட்டிருந்தா.

“அண்ணன் சத்தம், அண்ணி. அண்ணன் வந்துட்டுப் போறாரு.”

வர்ற வழியெல்லாம் அவ அதையேதான் பேசுனா. அண்ணன் பல்லக் கேக்குறாரு, பல்லில்லாம அங்க அவரால இருக்க முடியல, வர்ற செவ்வாய் புதுசாப் பதிமூணு தொடங்குவோம்னா. நான் ம் ம்னு கேட்டுக்கிட்டு வந்தேன். அவரு யாருகிட்ட கேக்குறாருன்னு எனக்குத்தானே தெரியும்.

அந்தச் செவ்வாய் அவ மல்லிகைப்பூவும் பாண் ரொட்டியும் கொண்டு வந்தா. பாண் பிறகு ஏழைகளுக்குக் குடுக்குறதுக்கு. மெழுகுதிரி கொளுத்துனோம். நான் ஜெபத்த ஆரம்பிச்சேன். புதுப்பல்லு எனக்கு அப்படி உதவுச்சு, ஒரு எழுத்துப் பிசகல. காணாமப் போனத எங்க கண்ணுக்குக் காட்டும்னு சொல்ற எடம் வந்துச்சு. முந்தியெல்லாம் அந்த எடத்துல தட்டு ஆடும், நான் கொழப்பி விழுங்கிட்டு அடுத்த வரிக்குப் போயிருவேன். அன்னைக்கி அது சுத்தமா, கணீர்னு வெளிய வந்துச்சு. என் காதாலயே அதக் கேட்டேன். அடுத்த வரி வரல.

எழும்பிப் போயி சுரூபத்த ரெண்டு கையாலயும் தூக்குனேன். விரிப்புல வட்டமா ஒரு வெள்ளத் தடம். லேஞ்சி கீழ விழல, உள்ள ஒட்டிக்கிட்டிருந்துச்சு. விரல விட்டு இழுத்து எடுத்தேன். அது ஓரத்துல நூல் பூ போட்ட லேஞ்சி, நாத்தனா அவருக்குத் தச்சுக் குடுத்தது. நான் பிரிக்குறதுக்கு முன்னாடி அவ என் கையிலேர்ந்து வாங்கிப் பிரிச்சுட்டா. ரோஸ் தட்டு, நாலு பல்லு.

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அவ முழங்கால்ல விழுந்துட்டா. புதுமை, அற்புதம்னு கத்தி அழுறா. சுரூபத்தோட காலக் கட்டிக்கிட்டு முத்தம் குடுக்குறா. கோடி அற்புதர் கொண்டாந்து குடுத்துட்டாருங்குறா. அவ மூஞ்சில இருந்த வெளிச்சத்த நான் மூணு வருஷமாப் பாத்ததில்ல. ஆண்டவர் மேல ஆணையா சொல்றேன், எனக்கு ஒரு ஆசை வந்துச்சு. இருந்துட்டுப் போகட்டும். இவளுக்கும் நிம்மதி, எனக்கும் தப்பிச்சுக்க ஒரு வழி, புனிதருக்கும் ஒரு புதுமை கூடிப்போகட்டும். நானும் அவ பக்கத்துல மண்டி போட்டுட்டேன்.

அப்பத்தான் அவ கண்ணத் தொடச்சுக்கிட்டுச் சொன்னா, அப்ப அந்த அட்டண்டன் பொம்பளதான் எடுத்து வச்சிருந்திருக்கா, அவகிட்டேர்ந்து பிடுங்கிக் கொண்டாந்துட்டாரு பாருங்கன்னு. அடுத்த ஞாயிறு கோயில்ல சாட்சி சொல்லப் போறாளாம். அந்தப் பொம்பள பண்ணுனதையும் எல்லாருக்கும் சொல்லப் போறாளாம்.

“அவ எடுக்கல,” நான் சொன்னேன். “நான்தான் வச்சேன்.”

வெளங்காமப் பாத்தா. சொல்ல ஆரம்பிச்சா நிறுத்தக் கூடாதுன்னு எல்லாத்தையும் சொன்னேன். வில்கமுவ பஸ்ஸ, கசிப்ப, நீலக் கோப்பைய. மலர்ச்சாலைக்காரர்கிட்ட சொன்ன பொய்ய. அதுவரைக்கும் அவ அசையாமக் கேட்டா. ஏன் அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போகும்போதாவது எடுத்துக் குடுத்திருக்கலாமேன்னு மெதுவாத்தான் கேட்டா. அங்கயே நான் நிறுத்தியிருந்தா அவ மன்னிச்சிருப்பா, அவ மனசு எனக்குத் தெரியும். ஆனா மூணு வருஷம் பாதி பாதியாப் பொய் சொல்லி எனக்குச் சலிச்சுப் போச்சு.

“அவர் கேட்டாரு. நெஞ்சடைக்குது, ஆஸ்பத்திரிக்குப் போகணும், பல்லக் குடுன்னு கேட்டாரு. பஸ் போகட்டும்னு நான் குடுக்கல.”

அவ திட்டல, அடிக்கல. அடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும். அந்தப் பாண எடுத்து ஓரமா வச்சா. பிறகு, நான் அந்தப் பொம்பளையக் கைநீட்டி அடிச்சேனேன்னு, என்கிட்ட இல்ல, தரையப் பாத்துச் சொன்னா. லேஞ்சியில பல்ல சுத்தி எடுத்துக்கிட்டுப் போயிட்டா. மெழுகுதிரிய நான்தான் அணைச்சேன்.

அதுக்குப் பிறகு செவ்வாய்க்கெழமைகள் வந்துச்சு, அவ வரல. அந்த அட்டண்டன் பொம்பள வேலையிலேர்ந்து நின்னு லக்கலப் பக்கம் ஊரோட போயிட்டாளாம். நாத்தனா லக்கல பஸ்ஸப் பிடிச்சு, தனியாப் போயி, காலப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டு வந்திருக்கா. பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேக்க வேண்டியவ நான். என்னையக் கூப்பிடல. நானும் இன்னும் போகல, போவேன்.

கல்லறத் திருநாளுக்கு நான் மெழுகுதிரியோட போனப்ப அவ எனக்கு முன்னாடியே வந்து புல்லுப் புடுங்கிக்கிட்டிருந்தா. தலமாட்டுல ஒரு கை அகலத்துக்கு மண்ணு புதுசாக் கிளறி மூடியிருந்துச்சு. நான் மெழுகுதிரி வைக்க அவ கொஞ்சம் ஒதுங்குனா. ஏதாவது பேசுவாளான்னு நின்னேன். கையில இருந்த மண்ணத் தட்டிக்கிட்டே ஒரு வார்த்த சொன்னா, வாய்ப் பக்கமா வச்சிருக்கேன்னு. சொல்லிட்டு அவ பாட்டுக்கு எறங்கிப் போயிட்டா.

சுரூபத்த இப்ப தூக்கித் தொடைக்கிறேன். அடியில ஒண்ணும் இல்ல. தகரம் வெயிலுக்கு டக்குன்னா அது தகரம்தான், நான் திரும்புறதில்ல. ஆனா தட்ட ராத்திரி கழட்டித் தண்ணியில போடணும், காலையில கழுவி மாட்டணும்னு டாக்டர் சொல்லியிருக்கு. நான் வேலைக்குக் கெளம்புறது ஒம்பதரைக்கு. அதுக்கு முன்னாடி கண்ணாடிக்கு முன்னால நின்னு, ரெண்டு பெருவிரலால அமுக்குறேன். டக், டக். ஒவ்வொரு நாளும் அப்ப என் வாயிலேர்ந்து ஒரு வார்த்த வருது. வீட்டுல யாரும் இல்ல, அதனால சத்தமாவே சொல்றேன்.

“இந்தாங்க.”